அந்தரத்தில் இரும்பு வேலை

தரையிலிருந்து நூறு மீட்டர் உயரத்தில், ஒரு சாண் அகல உத்திரத்தின்மேல் நின்று இரும்பை இரும்போடு பிணைக்கும் வேலை தனித் தொழிலாக உருவெடுத்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதற்கு முன் உயரத்தில் யாரும் வேலை செய்ததில்லை என்பதல்ல. கோயில் கோபுரங்களையும் தேவாலயங்களின் ஊசிக் கூரைகளையும் எழுப்பியவர்கள் உயரத்தில்தான் நின்றார்கள். அவர்களிலும் விழுந்து மாண்டவர்கள் உண்டு. ஆனால் கல்லாலும் செங்கல்லாலும் ஆன கட்டடம் மெல்ல வளர்வது. சுவர் ஏற ஏறச் சாரமும் கூடவே ஏறும். கொத்தனார் காலூன்றச் சுவரின் அகலமே போதும். எஃகுக் கட்டடத்தில் இந்த வரிசை தலைகீழ். முதலில் வெறும் எலும்புக்கூடு எழும்பும். நடக்கத் தளம், பிடிக்கக் கைப்பிடி, காற்றை மறைக்கச் சுவர் எல்லாம் பின்னால் வருபவை. கூட்டை நிறுத்துகிற தொழிலாளிக்கு, சற்று முன் அவர் பொருத்திய உத்திரமே தரை.

1856இல் ஹென்றி பெஸ்ஸமர் எஃகு வார்க்கும் புது முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த முப்பது ஆண்டுகளில் எஃகின் விலை சரிந்தது. ரயில் கம்பெனிகளுக்கு அகன்ற ஆறுகளைத் தாண்டப் பாலங்கள் தேவைப்பட்டன. நகரங்களில் மனை விலை ஏறியதால் கட்டடங்கள் மேல்நோக்கி வளர்ந்தன. இந்த வேலைக்கு ஆள் எங்கிருந்து வந்தார்கள்? கப்பலில் பாய்மரம் ஏறிப் பழகியவர்கள், கொதிகலன் பட்டறைக்காரர்கள், தச்சர்கள், பிழைப்புத் தேடி வந்த கூலிகள். தொழிலைக் கற்றுத்தரும் பள்ளி எதுவும் அன்று இல்லை. மேலே ஏறி, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

உயரத்தில் தலைசுற்றி விழுவதுதான் பெரிய ஆபத்து என்று கீழே நிற்பவர்கள் நினைப்பார்கள். தலைசுற்றல் உள்ளவர் முதல் நாளே இறங்கிப் போய்விடுவார். அவரால் விபத்து குறைவு. விழுந்தவர்களில் பெரும்பாலோர் நாள்தோறும் அங்கே நடந்து பழகியவர்கள். விடியற்காலைப் பனி உத்திரத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும். கிரேனில் தொங்கி வரும் உத்திரத்தைக் காற்று திருப்பிவிட்டால் அது நிற்பவரைத் துடைத்துத் தள்ளிவிடும். தற்காலிகமாக இரண்டு போல்ட்டில் நிறுத்திய துண்டு, மிதித்ததும் புரளும். சாரத்துப் பலகையை முந்தின நாள் யாரோ நகர்த்தியிருப்பார்கள். விழுபவரோடு கதை முடிவதும் இல்லை. மேலிருந்து நழுவும் ஒரு ஸ்பேனர் கீழே வேலை செய்பவருக்குத் துப்பாக்கிக் குண்டுக்குச் சமம்.

ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தில் அப்படி நழுவிய ஸ்பேனர்கள் பற்றி, அங்கே பொறுப்பிலிருந்த பொறியாளர் வில்ஹெல்ம் வெஸ்ட்ஹோஃபன் பதிந்து வைத்திருக்கிறார். ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த ஒன்று, வழியில் ஒருவர் தொப்பியைத் தட்டிக்கொண்டு போய், நாலு அங்குலக் கனமுள்ள சாரத்துப் பலகையைத் துளைத்தது. இன்னொன்று ஒரு தொழிலாளியின் மேல்சட்டைக்குள் புகுந்து, உடுப்பு முழுவதையும் கிழித்துக்கொண்டு கணுக்காலருகே வெளியேறியது. அவர் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வாய்க்கவில்லை. அந்தப் பாலத்தில் மேலிருந்து விழுந்த பொருள் பட்டு இறந்தவர்கள் 8 பேர்.

ஃபோர்த் பாலம் 1882 முதல் 1890 வரை கட்டப்பட்டது. ஜான் ஃபௌலரும் பெஞ்சமின் பேக்கரும் வடிவமைத்தார்கள். ஒப்பந்தம் வில்லியம் ஆரோலுடையது. கோபுரங்களின் உச்சி, நீர்மட்டத்துக்கு மேல் 110 மீட்டர். வேலை உச்சத்தில் இருந்தபோது சுமார் 4,600 பேர் உழைத்தார்கள். பக்கத்து டே ஆற்றின் பாலம் 1879 டிசம்பரில் புயலில் ரயிலோடு இடிந்து விழுந்திருந்ததால், புதுப் பாலம் அசைக்க முடியாததாக இருக்க வேண்டும் என்பதில் எல்லாரும் குறியாக இருந்தார்கள். பாலம் இன்றும் நிற்கிறது. அதைக் கட்டியவர்களுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. நோய், விபத்து நிதி ஒன்று இருந்தது. அதற்கும் தொழிலாளியின் கூலியிலிருந்தே பிடித்தார்கள். பாலத்தின் கைகளுக்குக் கீழே துடுப்புப் படகுகள் எப்போதும் காத்திருந்தன. நீரில் விழுந்த 8 பேரை அவை உயிரோடு மீட்டன. காற்றில் பறந்த ஆயிரக்கணக்கான தொப்பிகளையும் பொறுக்கியெடுத்தன.

அங்கே இறந்தவர்கள் 57 பேர் என்பதே நூறாண்டுக்கு மேலாக எல்லாப் புத்தகங்களிலும் இருந்த கணக்கு. உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் இறப்புப் பதிவேடுகளையும் பழைய செய்தித்தாள்களையும் துருவிப் பார்த்தபோது எண்ணிக்கை 73 ஆயிற்று. அவர்களில் 38 பேர் விழுந்து இறந்தவர்கள். 9 பேர் நசுங்கியும் 9 பேர் நீரில் மூழ்கியும் மாண்டார்கள். தகடுகளைப் பிணைக்கும் இரும்புத் தண்டுகளான ரிவெட்டுகளை அடிக்கும் அணிகளில் எடுபிடியாகச் சிறுவர்கள் இருந்த காலம் அது. இறந்தவர் பட்டியலில் 13 வயதுப் பையனும் இருக்கிறான். பாலத்தில் அடித்த ரிவெட்டுகள் சுமார் 65 லட்சம் என்று எண்ணி வைத்தவர்கள் ஆட்களின் எண்ணிக்கையில் தவறியது கவனிக்கத்தக்கது. மருத்துவமனையில் சில நாள் கிடந்து இறந்தவர், வேலை முடிந்து ஊர் திரும்பிய பின் காயத்தால் இறந்தவர் போன்றோர் கணக்கில் விடுபடுவது அன்றைய எல்லாப் பெரிய வேலைகளிலும் நடந்ததுதான்.

இதே ஆண்டுகளில் பாரிஸில் எழுந்த ஈஃபில் கோபுரம் வேறு மாதிரி. உயரம் 300 மீட்டர். ஃபோர்த் பாலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 1887 ஜனவரியில் தொடங்கி 1889 மார்ச்சில் முடிந்தது. இறந்தவர் ஒருவர் என்பதே பொதுவான கணக்கு. குஸ்தாவ் ஈஃபில் வேலையிடமெங்கும் கைப்பிடித் தடுப்புகளையும், உயரம் கூடக் கூட மேலே நகர்த்தக்கூடிய மறைப்புகளையும் வைத்தார். துண்டுகளில் துளையிடுவதும் பெரும்பகுதி ரிவெட் அடிப்பதும் தரையிலுள்ள பட்டறையிலேயே முடிந்துவிட்டதால், மேலே வேலை செய்தவர்கள் சுமார் 300 பேர்தான். சாப்பிட யாரும் கீழே இறங்கி ஏறக் கூடாதென்று முதல் தளத்திலேயே உணவுக்கூடம் அமைந்தது. ஆட்கள் விழாமல் இருக்க வழியுண்டு என்பது 1889லேயே நிரூபணமாகிவிட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நடந்ததை இதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும்.

ஈஃபிலின் தாராளத்துக்கும் எல்லை இருந்தது. 1888 செப்டம்பரில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றார்கள். உயரம் கூடுகிறது, ஆபத்தும் கூடுகிறது என்பது அவர்கள் வாதம். 40 மீட்டரிலிருந்து விழுந்தாலும் 300 மீட்டரிலிருந்து விழுந்தாலும் சாவு ஒன்றுதானே, இதில் கூடுதல் ஆபத்து எங்கே என்பது ஈஃபிலின் பதில். கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஆனால் உச்சியில் வீசும் குளிர்காற்றில் விரல் விறைத்துப் போவது அந்தக் கணக்கில் சேரவில்லை. டிசம்பரில் இரண்டாம் முறை வேலையை நிறுத்தியபோது அவர் மசியவில்லை.

அன்றைய உயர வேலையின் மையம் ரிவெட் அணி. ரிவெட் என்பது ஒரு பக்கம் தலையுள்ள, முழ நீளம்கூட இல்லாத இரும்புத் தண்டு. இரண்டு தகடுகளின் துளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டை அதில் செருகி, மறுமுனையை அடித்துத் தலையாக்கினால், ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஓர் அணிக்கு நால்வர். உலைக்காரர், சில பலகைகள் மேல் வைத்த சிறு கரி உலையில் ரிவெட்டைச் சிவக்கக் காய்ச்சுவார். பதம் வந்ததும் நீண்ட குறட்டால் எடுத்து, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்கும் பிடிகாரரை நோக்கி வீசுவார். பிடிகாரர் கையில் ஒரு தகரக் குவளை. ரிவெட் அதில் 'டங்' என்று வந்து விழ வேண்டும். அதைக் குறட்டால் எடுத்து, கரியைத் தட்டிவிட்டு, துளையில் செருகுவார். மூன்றாமவர் தலைப்பக்கம் கனத்த இரும்புத் தண்டை முட்டுக்கொடுத்து நெஞ்சால் அழுத்திக்கொள்வார். நாலாமவர் காற்றழுத்தச் சுத்தியலால் மறுமுனையை நசுக்குவார். ரிவெட் ஆறுவதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

குவளையைத் தவறவிட்ட ரிவெட் நெருப்புத் துண்டாகத் தெருவில் போய் விழும். அதை எட்டிப் பிடிக்க ஓரடி சாய்வதுதான் பிடிகாரருக்கு எமன். சுத்தியல்காரர் தன் முழு எடையையும் சுத்தியலின்மேல் சாய்த்து நிற்பவர். ரிவெட் சட்டென்று முறிந்தால் அல்லது சுத்தியல் வழுக்கினால், முன்னால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. விழாமல் தப்பித்தவர்களுக்கும் சில ஆண்டுகளில் காது போய்விடும். நால்வரில் ஒருவர் வராவிட்டால் மற்ற மூவரும் அன்று சும்மா இருப்பதே வழக்கம். பழகாத ஆளை நம்பி யாரும் உத்திரத்தில் நிற்க மாட்டார்கள். அதனால்தான் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று உறவுக்காரர்களே ஓரணியாகச் சேர்ந்தார்கள்.

அப்படி உறவாகச் சேர்ந்து பேர்பெற்றவர்கள் மோஹாக் பழங்குடியினர். கனடாவின் மான்ட்ரியல் நகருக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது அவர்களுடைய கானவாகே. 1886இல் கனடியன் பசிபிக் ரயில்பாதைக்காக டொமினியன் பிரிட்ஜ் கம்பெனி அங்கே பாலம் கட்டியது. பாலத்தின் ஒரு முனை அவர்கள் நிலத்தில் இறங்கியதால் ஊராருக்கு வேலை தர ஒப்புக்கொண்டது. கொடுத்தது சாமான் இறக்கும் கூலி வேலை. ஆனால் ஊர் இளைஞர்கள் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பாலத்தின்மேல் ஏறி நடந்து பார்த்தார்கள், விரட்டினாலும் போகவில்லை. சிலருக்கு ரிவெட் வேலை கற்றுக்கொடுத்துப் பார்த்தபோது நன்றாகவே செய்தார்கள். அவர்கள் அடுத்த வேலைக்குத் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். 20 ஆண்டுகளில் தேர்ந்த பாலத் தொழிலாளிகள் 70 பேருக்கு மேல் அந்த ஒரே ஊரில் இருந்தார்கள்.

இதிலிருந்துதான் அந்தப் புகழ்பெற்ற கதை பிறந்தது: மோஹாக் மக்களுக்கு உயரம் என்றால் பயமே கிடையாது, அது அவர்கள் இரத்தத்தில் இருக்கிறது. பத்திரிகைகள் பல தலைமுறைகளாக இதைத் திருப்பித் திருப்பி எழுதின. இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. எங்களுக்கும் பயம் உண்டு, அதைச் சமாளிக்கக் கற்றிருக்கிறோம் என்றே அந்தத் தொழிலாளிகள் சொல்லிவந்தார்கள். கானவாகே ஆண்கள் இதற்கு முன்பும் ஊரைவிட்டுக் கூட்டமாகப் போய்ச் சம்பாதித்தவர்கள்தான். மென்மயிர் வணிகர்களின் படகுகளை ஓட்டினார்கள், மரத் தெப்பங்களைப் பேராற்று வேகத்தில் கொண்டுபோனார்கள். 1884இல் பிரிட்டிஷ் படையின் படகுகளைச் செலுத்த எகிப்தின் நைல் ஆறுவரை அவர்களில் சிலர் போய்வந்தார்கள். அந்தத் தொழில்கள் நலிந்த வேளையில் நல்ல கூலியோடு பால வேலை வந்து சேர்ந்தது. அச்சமில்லாத இனம் என்ற கதை கேட்க நன்றாக இருக்கிறது; கம்பெனிகளுக்கும் வசதியாக இருந்தது. பயப்படாதவனுக்குக் கயிறு எதற்கு, வலை எதற்கு?

கானவாகே இந்தத் தொழிலுக்குக் கொடுத்த விலை 1907இல் தெரிந்தது. கியூபெக் நகரருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல், 549 மீட்டர் இடைவெளியைத் தூண் இல்லாமல் தாண்டும் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. முடிந்திருந்தால் அந்த இடைவெளி ஃபோர்த் பாலத்தினதை மிஞ்சி உலகிலேயே நீளமானதாக இருந்திருக்கும். கட்டியது பென்சில்வேனியாவின் ஃபீனிக்ஸ் பிரிட்ஜ் கம்பெனி. ஆலோசனைப் பொறியாளர் தியோடர் கூப்பர், பேர்பெற்றவர், வயதானவர், உடல்நலம் குன்றியவர். நியூயார்க்கில் இருந்தபடியே மேற்பார்த்தார். இடைவெளியை முதலில் 488 மீட்டராகத்தான் திட்டமிட்டிருந்தார்கள். பிறகு அதைக் கூட்டினார்கள். கூட்டியபின் பாலத்தின் சொந்த எடையைப் புதிதாகக் கணக்கிடாமல் பழைய மதிப்பை வைத்தே வேலை நடந்தது. தவறு தெரிய வந்தபோது இரும்பு ஏற்கெனவே வார்த்து வந்திருந்தது. தாங்கும் என்று முடிவு செய்தார்கள்.

1907 கோடையில் கீழ்ப்புறத்துப் பெரிய சட்டங்கள் வளையத் தொடங்கின. ஆகஸ்டில் ஒரு சட்டத்தின் வளைவு முக்கால் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலத்தைத் தாண்டியது. பட்டறையிலிருந்து வரும்போதே வளைந்திருக்கும் என்றார்கள் சிலர். வேலையிடத்தில் கூப்பரின் பிரதிநிதியாக இருந்த நார்மன் மக்ளூர் என்ற இளம் பொறியாளர் மனம் கேட்காமல் ரயிலேறி, ஆகஸ்ட் 29 காலை நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கூப்பர் கேட்டதும் நிலைமையைப் புரிந்துகொண்டார். பாலத்தின்மேல் இனி எடை ஏற்ற வேண்டாம் என்று தந்தி அடித்தார். தந்தி கியூபெக்குக்குப் போகவில்லை. கம்பெனியின் தலைமையகம் இருந்த ஃபீனிக்ஸ்வில்லுக்குப் போனது. அங்கிருந்து வேலையிடத்துக்கு எந்த உத்தரவும் வரவில்லை.

அன்று மாலை ஐந்தரை மணி. வேலை முடியும் நேரம். பாலத்தின்மேல் 86 பேர் இருந்தார்கள். ஏறத்தாழ 19,000 டன் எஃகு, கால் நிமிடத்துக்குள் மடிந்து சரிந்தது. 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே ஊர்க்காரர்கள். கரையோரம் இரும்புக்கடியில் சிக்கி உயிரோடு கிடந்த சிலரை மீட்க முடியவில்லை. இரும்பை அறுக்கும் கருவி கைவசம் இல்லை. இரவில் ஆற்றில் ஓதம் ஏறியது. அரச விசாரணைக் குழு 1908இல் கூப்பரையும் ஃபீனிக்ஸ் கம்பெனியின் வடிவமைப்பாளர் பீட்டர் ஸ்லாப்காவையும் பொறுப்பாளிகளாகக் குறிப்பிட்டது. அந்த 75 பேரில் எவர் காலும் வழுக்கவில்லை. அவர்கள் நின்றிருந்த பாலமே, நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருந்த மேசைகளில் போட்ட கணக்கால் விழுந்தது.

இரண்டாம் பாலம் புதிய வடிவமைப்பில் எழுந்தது. 1916 செப்டம்பர் 11 அன்று 5,000 டன் எடையுள்ள நடுப்பகுதியை மிதவைகளிலிருந்து தூக்கும்போது அது நழுவி ஆற்றில் விழுந்து 13 பேர் மாண்டார்கள். பாலம் ஒருவழியாக 1917இல் முடிந்தது.

கானவாகே கல்லறையில் இறந்தவர்களுக்கு எஃகு உத்திரங்களால் சிலுவை நட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெண்கள் அதன்பின் ஒரு நிபந்தனை வைத்தார்கள் என்பது அந்த ஊர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி: ஆண்கள் எல்லாரும் ஒரே பாலத்தில் வேலை செய்யக் கூடாது, பிரிந்து போக வேண்டும். தொழிலை விடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; விட்டால் வேறு என்ன இருந்தது? சிறு சிறு அணிகளாகப் பிரிந்து அமெரிக்கா முழுதும் போனார்கள். 1920களில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் அவர்களுக்கென்று ஒரு குடியிருப்பே உருவாயிற்று. வெள்ளி இரவு காரில் கிளம்பி 600 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி ஊர் போய், ஞாயிறு இரவு திரும்பும் வழக்கம் பின்னாளில் நிலைத்தது.

நியூயார்க்கில் அப்போது உயரப் போட்டி நடந்துகொண்டிருந்தது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வேலை 1930 மார்ச்சில் தொடங்கி, 1931 மே 1 அன்று திறப்பு விழாவும் நடந்துவிட்டது. 102 மாடி, 381 மீட்டர். சட்டகம் வாரத்துக்கு நாலரை மாடி வேகத்தில் ஏறியது. அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 5 பேர். ஒருவர் லாரி மோதி, ஒருவர் லிஃப்ட் குழிக்குள் விழுந்து, ஒருவர் தூக்குபொறி இடித்து, ஒருவர் வெடிவைக்கும் இடத்துக்குள் போய், ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து. 381 மீட்டர் கட்டடத்தில் அந்த வேகத்துக்கு இது குறைவுதான்.

லூயிஸ் ஹைன் அங்கே எடுத்த புகைப்படங்கள் இந்தத் தொழிலுக்கு ஒரு முகம் கொடுத்தன. அவற்றைவிடப் பேர்பெற்றது 1932 செப்டம்பர் 20 அன்று ராக்ஃபெல்லர் சென்டரில் எடுத்த படம்: 69ஆம் மாடி உயரத்தில், ஓர் உத்திரத்தில் வரிசையாக உட்கார்ந்து 11 பேர் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். அவர்கள் நிஜத் தொழிலாளிகள், உயரமும் நிஜம். ஆனால் காட்சி விளம்பரத்துக்காக அமைத்தது. கட்டடத்தில் வாடகைக்கு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. பெருமந்தத்தின் நடுவில் கோடிக்கணக்கானோர் வேலையில்லாமல் நின்ற ஆண்டு அது. கயிறு கேட்டால் வாசலில் கயிறு கேட்காத பத்துப்பேர் காத்திருந்தார்கள் என்பதைப் படம் காட்டவில்லை.

அன்றைய அமெரிக்கப் பாலக் கட்டுமானத்தில் ஒரு வாய்க்கணக்கு புழங்கியது: பத்து லட்சம் டாலர் செலவுக்கு ஓர் உயிர். சிமென்ட், இரும்பு போல உயிரும் மதிப்பீட்டில் ஒரு வரி. இந்தக் கணக்கைப் பெரிய அளவில் உடைத்தது சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம். 3.5 கோடி டாலர் வேலை; பழைய கணக்குப்படி 35 பேர் சாக வேண்டும். 1933 ஜனவரியில் வேலை தொடங்கியது. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாதுகாப்பில் பிடிவாதக்காரர். தலைக்கவசம் கட்டாயம், சுரங்கத் தொழிலாளிகளுக்கு அதைச் செய்துவந்த புல்லார்ட் கம்பெனி பாலத்துக்கேற்ப மாற்றிக் கொடுத்தது. கடல் மினுங்கல் கண்ணைக் கூசாமல் இருக்க நிறக் கண்ணாடி. முந்தின இரவு குடித்துவிட்டு வருபவர்களுக்குப் புளித்த முட்டைக்கோஸ் சாறு. உத்திரத்தில் வித்தை காட்டியவர் அன்றே வீட்டுக்குப் போகலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, பாலத் தளத்துக்குக் கீழே கரையிலிருந்து கரைவரை விரிந்த கயிற்று வலை. பாலத்தின் இருபுறமும் மூன்று மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அங்கே தளம் நீர்மட்டத்துக்கு மேல் 67 மீட்டர். அதிலிருந்து விழுபவர் நாலு நொடியில், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் நீரில் மோதுவார். அந்த வேகத்தில் நீர் கருங்கல்லாகத்தான் இருக்கும். வலை 19 பேரைப் பிடித்தது. அவர்கள் தங்களுக்குள் 'நரகத்துக்குப் பாதிவழிச் சங்கம்' என்று பேர் வைத்துக்கொண்டார்கள். வலையின் செலவு சுமார் 1,30,000 டாலர். மொத்தச் செலவில் நூற்றுக்கு அரைப் பங்கைக்கூட எட்டாது. வலை வந்தபின் ஆட்கள் தயங்காமல் நடந்ததால் வேலை விரைந்தது என்றும் சொன்னார்கள். இவ்வளவு சிறிய தொகைக்கு முந்தைய பாலங்களில் எவருக்கும் மனம் வராமல் போனதை எந்தத் தொழில்நுட்பக் காரணத்தாலும் விளக்க முடியாது. கயிறும் முடிச்சும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. சர்க்கஸ்காரர்கள் வெகுகாலமாகவே வலை கட்டிவந்தார்கள்.

1936 அக்டோபர் 21 அன்றுதான் அங்கே முதல் சாவு: கிரேன் சரிந்து ஒருவர் நசுங்கினார். ஏறக்குறைய நாலு ஆண்டு ஒருவரும் சாகாமல் வேலை நடந்தது அதுவரை கேள்விப்படாத சாதனை. முடிவுக்கு மூன்று மாதம் இருந்தபோது, 1937 பிப்ரவரி 17 காலை, தளத்தின் அடிப்பக்கக் கான்கிரீட் பலகைகளைப் பிரித்துக்கொண்டிருந்த தொங்குமேடை பிடிவிட்டது. ஐந்து டன் மேடை ஆட்களோடு வலையில் விழுந்தது. வலை மனிதர் எடைக்குப் பின்னியது. மேடையைத் தாங்காமல் பல நூறு மீட்டருக்குக் கிழிந்து கடலில் போனது. அதோடு போனவர்களில் இருவர் மட்டும் பிழைத்தார்கள். 10 பேர் இறந்தார்கள். ஆக மொத்தம் 11. அதே விரிகுடாவில் அதே ஆண்டுகளில் எழுந்த ஓக்லண்ட் பாலம் 20 பேருக்கு மேல் பலிகொண்டது.

வலை இல்லாமல் பிழைத்தவர்களும் உண்டு. 1930 அக்டோபரில் சிட்னி துறைமுகப் பாலத்திலிருந்து வின்சென்ட் கெல்லி என்ற தொழிலாளி 50 மீட்டருக்கு மேல் விழுந்தார். நீரில் பாய்ந்து பழகியவர். விழும்போதே உடம்பைத் திருப்பிக் காலை முன்னால் நீட்டி நீரைத் தொட்டார். விலா எலும்புகள் முறிந்ததோடு தப்பி, சில வாரங்களில் வேலைக்குத் திரும்பினார். அந்தப் பாலத்தில் இறந்த 16 பேரைவிட இவர் பெயரையே ஊர் நினைவில் வைத்திருக்கிறது.

1950களில் உயர்வலிமை போல்ட்டுகள் ரிவெட்டின் இடத்தைப் பிடித்தன. உலை, குறடு, பறக்கும் நெருப்பு எல்லாம் போயின. நாலு பேர் வேலையை இரண்டு பேர் செய்தார்கள். உயரத்தில் நிற்கும் ஆளின் எண்ணிக்கை குறைந்ததே ஒரு பாதுகாப்பு. ஆனால் உத்திரத்தை வாங்கி முதல் போல்ட் போடும் இணைப்புக்காரரின் வேலை மாறவில்லை. பெல்ட் கட்டச் சொன்னால் அவர்களில் பலர் மறுத்தார்கள். வீம்பு மட்டுமே காரணமல்ல. கிரேனில் வரும் உத்திரம் தன்மேல் பாய்ந்தால் ஒதுங்க வேண்டும். கட்டிக்கிடப்பவர் எங்கே ஒதுங்குவார்? இந்த வாதம் அரைநூற்றாண்டு ஓடியது.

அமெரிக்காவில் தொழில் பாதுகாப்புச் சட்டம் 1970இல் வந்தது. சட்டம் இருந்தும் 1978 ஏப்ரல் 27 அன்று, மேற்கு வர்ஜீனியாவின் வில்லோ ஐலண்டில் 50 மீட்டர் உயரத்துக்கு எழும்பியிருந்த அனல்மின் நிலையக் குளிர்விப்புக் கோபுரத்தில் சாரம் பெயர்ந்து 51 பேர் இறந்தார்கள். சாரம் தரையிலிருந்து எழுந்ததல்ல. கோபுரத்தின் சுவரையே பற்றிக்கொண்டு, சுவர் வளர வளர மேலே நகர்வது. பற்றியிருந்த கான்கிரீட் முந்தின நாள் ஊற்றியது. இரவுக் குளிரில் அது இன்னும் இறுகவில்லை. காலையில் புதுக் கான்கிரீட் தொட்டியை மேலே இழுத்தபோது வளையம் முழுவதும் உரித்துக்கொண்டு வந்துவிட்டது. கியூபெக்கைப் போலவே இங்கும் மேலே நின்றவர் செய்த தவறு ஒன்றுமில்லை. ஊற்றிய கான்கிரீட் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சோதித்துப் பார்க்காமலே எடையை ஏற்றியிருந்தார்கள்.

எஃகு நிறுத்தும் வேலைக்குத் தனி விதிகள் அமெரிக்காவில் 2001இல்தான் முழுமை பெற்றன. 4.6 மீட்டருக்கு மேல் பாதுகாப்பு கட்டாயம். இணைப்புக்காரர்களுக்கு மட்டும், அவர்களுடைய பழைய வாதத்தை ஏற்று, 9 மீட்டர் வரை கட்டிக்கொள்ளாமல் நிற்க விலக்கு. இந்தியாவில் 1996இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டமும் 1998 மத்திய விதிகளும் வலை, பெல்ட், சாரம் பற்றிப் பேசின. பிரிட்டன் 2005இல் இரண்டு மீட்டர் என்ற பழைய வரம்பையே எடுத்துவிட்டு, விழுந்தால் அடிபடக்கூடிய எந்த உயரமும் உயரமே என்று வைத்தது.

இடுப்பு பெல்ட்டும் பழங்கதையாகிவிட்டது. விழுபவரை இடுப்பில் திடீரென்று இழுத்து நிறுத்தினால் முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் சிதையும். அதனால் 1998 முதல் அமெரிக்காவில் விழுவதைத் தடுத்து நிறுத்த அதைப் பயன்படுத்தத் தடை. இப்போது தோள், மார்பு, தொடை என்று உடம்பு முழுவதையும் சுற்றும் வார்க்கட்டும், இழுவிசையை வாங்கி மெல்லப் பிரியும் தையல் கொண்ட கயிறும் கட்டாயம். இதிலும் ஒரு கண்ணி உண்டு. வார்க்கட்டில் அசையாமல் தொங்குபவரின் தொடை வார் இறுகி, இரத்தம் கால்களிலேயே தேங்கும். மூளைக்குப் போகும் ஓட்டம் குறையும். அரைமணிக்குள் இது உயிரைப் பறிக்கலாம். அதனால் விழுந்தவரை உடனே மீட்கும் ஏற்பாடும் விதியில் சேர்ந்திருக்கிறது. கால் வைத்து நிற்க ஒரு சுருக்குக் கயிற்றைச் சிலர் இடுப்பிலேயே வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்கக் கட்டுமானத் துறைச் சாவுகளில் விழுவதே இன்றும் முதலிடம். ஆனால் விழும் இடம் மாறிவிட்டது. வானளாவிய சட்டகங்களில் வலையும் கயிறும் மேற்பார்வையும் இருக்கின்றன. இறப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்பது மீட்டருக்கும் குறைந்த உயரத்திலிருந்து விழுகிறார்கள்: வீட்டுக் கூரையிலிருந்து, சாய்த்து வைத்த ஏணியிலிருந்து, கிடங்கு மேற்கூரையில் வெளிச்சத்துக்கு விட்ட பிளாஸ்டிக் தகட்டை மிதித்து. பெரும்பாலும் இரண்டு மூன்று பேரை வைத்து வேலை செய்யும் சிறு ஒப்பந்தக்காரர்களிடம் இருப்பவர்கள் அவர்கள்.